மறுநடவு நாளில் கையில் மிஞ்சுவது: நிலைத்த வளர்ச்சி பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிலைத்த, அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சிக்கு ஓர் அரசாங்கம் எத்தகைய பொருளாதாரக் கொள்கைகளை வகுக்க வேண்டும் என்பது ஒன்று; அது உங்கள் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்நிலைப் பள்ளித் தேர்வு) பாடத்திற்கு உரியது. நாலாபுறமும் பாமாயில் தரும் செம்பனை சூழ்ந்த, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து நம் பத்தாங் பெர்ஜுந்தை போன்ற தோட்டத்து ஊருக்கு அந்தக் கொள்கைகளால் என்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. அது உங்கள் தாத்தா கேட்டு, நீங்கள் பதில் சொல்ல இயலாமல் நின்ற கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் தாத்தாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இருபத்தாறு ஆண்டுகள் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, தொழிலாளரின் வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் ஏட்டை எழுதியவன் நான். கோலாலம்பூரில் அறிவிக்கப்படும் ஒரு கொள்கை, பல படிகள் இறங்கி வந்து, கடைசியில் ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே எந்தக் கட்டத்தில் என்ன எண்ணாக விழுகிறது என்பதைப் பார்த்தே அதை எடைபோடப் பழகியிருக்கிறேன்.

மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் ஊரை ஒட்டிய தென்னமாரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. இன்று இந்நாட்டில் ஏறத்தாழ 56 லட்சம் ஹெக்டர் நிலத்தில் செம்பனை நிற்கிறது. உலகில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் நாம் இருக்கிறோம். ஒரு பெருந்தொழில் பிறந்த இடம் என்ற பெருமையோடு, நூறு ஆண்டுகளுக்கு மேலான வளர்ச்சியை நேரில் கண்ட ஊர் இது. 2007-இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. பல்கலைக்கழக வளாகம் வந்தது. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்து தலைநகர்ப் பயணம் எளிதானது. ஆனால் அந்த நூறாண்டு வளர்ச்சியைத் தோளில் சுமந்த குடும்பங்களில் எத்தனை குடும்பங்களின் பெயரில் இன்று ஒரு துண்டு நிலமோ ஒரு வீட்டுப் பட்டாவோ இருக்கிறது என்று கேட்டால், நம் ஊரில் எந்தத் தெருவில் நின்றும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். உங்கள் தாத்தாவின் கேள்வி இந்த இடைவெளியைப் பற்றியது என்றே நான் கொள்கிறேன்.

நான் பிறந்த லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வீடு தோட்டத்தினுடையது. குழாயடித் தண்ணீர் தோட்டத்தினுடையது. பள்ளிக்கூடம் நின்ற நிலம் தோட்டத்தினுடையது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அறை, மாரியம்மன் கோயில் எல்லாமே தோட்டத்து வேலிக்குள் இருந்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்லும் அந்த ஒரு சொல்லில்தான் இவையனைத்தும் தொங்கிக்கொண்டிருந்தன. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை எல்லாம் உண்டு. பெயர் அடிபட்டால் கூலி மட்டுமன்று, கூரையும் பள்ளியும் சேர்ந்தே போகும். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நேரே கோடு போட்டவன் நானே. அவர்களுள் முப்பத்தேழு ஆண்டுகள் ரப்பர்ப் பால் வெட்டிய பெரியவர் ஒருவர், ஓய்வுக்காலச் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, "இதில் வீடு வாங்க முடியுமா, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அத்தோட்டத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தால், அவர் உழைத்த முப்பத்தேழு ஆண்டுகளும் நல்ல விளைச்சல் ஆண்டுகள்; நாட்டின் கணக்கிலும் அவை வளர்ச்சி ஆண்டுகளே.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த உரைகல் ஒன்று உண்டு. செம்பனை மரத்தின் பொருளாதார ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அதன்பின் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள், அல்லது நிலத்தை விற்கிறார்கள். ஒரு கொள்கை நல்லதா என்று அறிய, மரம் சாயும் அந்த நாளில் அங்கு உழைத்தவர் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் ஓடும் நீர். வீடு, நிலம், சேமிப்பு, வேறு இடத்திலும் செல்லுபடியாகும் தொழில்திறன் ஆகியவை தேங்கி நிற்கும் நீர். தேங்குவதற்கு ஒரு குளம் வெட்டித் தராத வளர்ச்சி எவ்வளவு வேகமாக ஓடினாலும், அது அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி ஆகாது. வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நிலைத்த வளர்ச்சி என்று 1987-ஆம் ஆண்டின் புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை கூறியதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். காடும் காற்றும் மட்டுமே அடுத்த தலைமுறைக்குரியவை என்று அதைக் குறுக்கிப் படிக்கக் கூடாது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பனிடமிருந்து என்ன வந்து சேர்கிறது என்பதும் அதே வரையறைக்குள்தான் அடங்கும்.

நிலத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. 1950-களில், விடுதலை நெருங்கிய காலத்தில், வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. பழைய ஆட்கள் இதைத் "தோட்டத் துண்டாடல்" என்றே சொல்வார்கள். நூறு பேர் உழைத்த தோட்டம் இருபது முதலாளிகளிடம் பிரிந்தபோது, தொழிலாளர் சட்டங்கள் நடைமுறையில் செயலிழந்தன, வீடுகள் பறிபோயின, வேலை குத்தகைக்காரர் கைக்கு மாறியது. பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ் இதனை ஆராய்ந்து, துண்டாடலின் தீமைகளை எடுத்துக்காட்டினார். மலாய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) வீதம் தொழிலாளர்களிடமிருந்தே பங்குப்பணம் திரட்டினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் முதலில் வாங்கப்பட்டது. ஒரு நாள் கூலி சில வெள்ளிகளே இருந்த காலத்தில் மாதம் பத்து வெள்ளி என்பது அடுப்பில் வைக்க வேண்டிய அரிசியிலிருந்து பிடித்த பணம். என் பாட்டி அந்தப் பங்குச் சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

பின்னர் அரசும் சட்டத்தின் வழியாகத் தலையிட்டது. தேசிய நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை என்று விதித்தது. துண்டாடலைத் தடுக்க அது உதவியது. ஆனால் எண்பதுகளுக்குப் பிறகு வந்த ஆபத்து வேறு. நிலம் துண்டாகவில்லை, முழுசாக ஒரே கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறி, விவசாய நிலம் என்ற வகையிலிருந்து கட்டட நிலம் என்ற வகைக்குத் தாவியது. நிலத்தின் மதிப்பு ஒரே கையெழுத்தில் பன்மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வில் லயத்துக்குப் பங்கில்லை.

துண்டாடல் நடந்த அதே காலக்கட்டத்தில் வந்த பெல்டா என்ற அரசு நிலக் குடியேற்றத் திட்டத்தை வைத்துப் பாருங்கள். 1956-இல் தொடங்கப்பட்ட அத்திட்டம், நிலமற்ற குடும்பங்களுக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் ரப்பரோ செம்பனையோ ஒதுக்கி, கடனை அடைத்தபின் பட்டாவையும் அவர்கள் பெயருக்கே கொடுத்தது. திட்டத்தில் குறைகள் உண்டு. கடன்சுமை, மறுநடவுச் செலவு, இரண்டாம் தலைமுறைக்கு வீடு போதாமை ஆகியவை இன்றுவரை பேசப்படுகின்றன. இருப்பினும், நாட்டின் கிராமப்புற வறுமையைக் குறைத்த பெரும் கருவிகளுள் அது ஒன்று என்பதை மறுக்க முடியாது. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காடாக இருந்த வறுமை, புதிய பொருளாதாரக் கொள்கை முடிவடைந்த 1990-க்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பதே அக்கொள்கையின் முதல் நோக்கம் என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் தோட்டம் என்பது தனியார் சொத்து என்று கருதப்பட்டதால், கிராமப்புற மேம்பாட்டுக்கான சாலையும் மின்சாரமும் தோட்டத்து வாயிற்கதவோடு நின்றுவிட்டன. தோட்டத்தொழிலாளி கிராமத்தான் என்ற கணக்கிலும் வரவில்லை, நகரத்தான் என்ற கணக்கிலும் வரவில்லை. ஒரே மரம், ஒரே வெயில், ஒரே மழை. ஒரு குடும்பத்துக்குப் பட்டா, மற்றதற்குச் சம்பளச் சீட்டு. முப்பது ஆண்டுகள் கழித்து இரண்டு குடும்பங்களும் எங்கே நிற்கின்றன என்பதில் திறமைக்கோ உழைப்புக்கோ உள்ள பங்கைவிட, தொடக்கத்தில் யார் கையில் எந்தத் தாள் கொடுக்கப்பட்டது என்பதற்கு உள்ள பங்கு பெரிது. கொள்கையின் வடிவமைப்பு எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நீங்கள் எந்தப் பாடநூலிலும் காண முடியாது.

இப்போது வீட்டைப் பற்றி. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் 1990-இல் இயற்றப்பட்டது. 446-ஆம் சட்டம் என்பார்கள். பின்னர் திருத்தப்பட்டு, 2020 முதல் தோட்டம் தவிர்த்த பிற துறைகளையும் அது கட்டுப்படுத்துகிறது. கூரை ஒழுகாத வீடும் சுத்தமான தண்ணீரும் கிடைக்க அச்சட்டம் தேவையே. எனினும் அது முதலாளி கொடுக்கும் வீட்டை மேம்படுத்துகிறதே ஒழிய, வீட்டை வேலையிலிருந்து பிரிப்பதில்லை. நல்ல லயமும் லயமே. தொண்ணூறுகளின் நடுவில் புத்ராஜெயா எழுந்தபோது, பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் பகுதியில் உள்ள அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு நிலத்தைக் காலி செய்து கொடுத்த அக்குடும்பங்களின் தரைவீட்டுக் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. திட்டமிட்ட, பணவசதியுள்ள, அரசே முன்னின்ற ஒரு மேம்பாட்டிலேயே இந்நிலை என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். தோட்டத்துச் சம்பளம் நீண்ட காலம் நாட்கூலியாகவும், ரப்பர் விலையோடும் வெட்டிய பாலின் எடையோடும் ஏறி இறங்குவதாகவும் இருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி குறைவு. சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சக்தி எவருக்கு மிகக் குறைவோ அவர் தலையிலேயே அதன் சுமை விழுந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் பேச்சுவார்த்தை நடத்தியும், குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சட்டப்படியான தளம் ஒன்று 2013-இல்தான் வந்தது: தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட், சபா, சரவாக்கில் 800. பிறகு அது படிப்படியாக உயர்ந்து, 2022 மே மாதத்தில் 1,500 ஆகி, 2025-இல் 1,700 ரிங்கிட்டை எட்டியிருக்கிறது.

இடையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அதை நீங்கள் உங்கள் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். 2020 பிப்ரவரியில் மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மட்டும் 1,200 ரிங்கிட் என்றும், மற்ற இடங்களுக்கு 1,100 என்றும் பிரித்தார்கள். தோட்டத்து ஊர்களில் பெரும்பாலானவை அப்போது மாவட்ட மன்றங்களின் கீழ் இருந்தவை. அரிசி, பால்மாவு, கோழி எதுவும் எங்களுக்கு நூறு ரிங்கிட் மலிவாகக் கிடைக்கவில்லை. மருத்துவமனைக்கும் வங்கிக்கும் போக எங்களுக்கு மோட்டார் சைக்கிள் எண்ணெய்ச் செலவு கூடுதல். ஊராட்சியின் எல்லைக்கோட்டை வைத்து ஒரு மனிதரின் உழைப்புக்கு விலை குறிப்பது தவறு என்பதே என் கருத்து. 2022-இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது சரியான முடிவு.

குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலைகள் போய்விடும் என்று உங்கள் பாடம் ஒரு வரைபடம் போட்டுக் காட்டும். வரைபடம் தவறில்லை, ஆனால் அதில் ஒரு கோடு விடுபட்டிருக்கிறது. தோட்டத்துறையில் ஓர் அந்நியத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு விதிக்கப்பட்ட லெவி எனும் அரசுக் கட்டணம் 640 ரிங்கிட். தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் அதுவே 1,850 ரிங்கிட். மலிவான உழைப்பு மேலும் மலிவாக்கப்பட்டது. உழைப்பு மலிவாக இருக்கும்வரை எந்த நிர்வாகமும் இயந்திரத்துக்கு முதலீடு செய்யாது. இயந்திரம் வராதவரை வேலை கடினமாகவும் சம்பளம் குறைவாகவும் இருக்கும். அப்படி இருக்கும்வரை உள்ளூர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் வராததால் மேலும் அந்நியத் தொழிலாளர் வேண்டும் என்று கோரப்படும். இந்தச் சுழலின் விலை 2021-இல் தெரிந்தது. தொற்றுநோயால் எல்லை மூடப்பட்டு ஆள்வரவு நின்றபோது, நாட்டின் பாமாயில் உற்பத்தி முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 191 லட்சம் டன்னிலிருந்து 181 லட்சம் டன்னாகச் சரிந்தது. அதே ஆண்டில் சராசரி விலை டன்னுக்கு 4,400 ரிங்கிட்டைத் தாண்டி, அதுவரை காணாத உயரத்தில் இருந்தது. விலை உச்சத்தில் நிற்க, வெட்ட ஆளின்றிக் குலைகள் மரத்திலேயே அழுகின. மலிவு உழைப்பை நம்பிய வளர்ச்சி நிலைத்த வளர்ச்சி அன்று என்பதைச் சுற்றுச்சூழல் வாதம் எதுவும் இல்லாமல், வெறும் வரவு செலவைக் கொண்டே நிறுவிவிடலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வாதத்தை அந்நியத் தொழிலாளருக்கு எதிரானதாக யாரும் திருப்பிவிடக் கூடாது. இன்று நம் பழைய லயங்களில் இருக்கும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும், ஊரில் முகவரிடம் கடன்பட்டு, அக்கடனை அடைக்கவே முதல் ஆண்டுகளை உழைத்துக் கழிக்கிறார்கள். நம் முன்னோர் ஆள்சேர்க்கும் கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறி வந்த கதையும் அதுவே. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அது நீடித்தது. 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சேமநிதிச் சந்தா கட்டாயமாக்கப்பட்டு, முதலாளியும் தொழிலாளியும் தலா 2 விழுக்காடு செலுத்துகின்றனர். தொகை சிறிது. ஆனால் திரும்பிச் செல்லும் நாளில் அவர் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும் என்பதால், நான் முன்பு சொன்ன உரைகல்லில் அது தேறுகிறது. அந்நியத் தொழிலாளியின் உரிமை உயரும்போதுதான் உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளமும் கீழே இழுக்கப்படாமல் நிற்கும்.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஊழியர்களுக்குச் சம்பளமாகச் செல்லும் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அதனைப் பத்தாண்டுகளில் 45 விழுக்காடாக உயர்த்துவது 2023-இல் அறிவிக்கப்பட்ட மடானிப் பொருளாதாரத் திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. உங்கள் தேர்வில் "உள்ளடக்கிய வளர்ச்சியை அளக்கும் அளவுகோல்" என்று கேட்டால், தனிநபர் வருமானத்தைவிட இந்த எண்ணை முதலில் எழுதுங்கள்.

அளவுகோல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 2016-இல் இந்நாட்டின் வறுமைக்கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்று இருந்தது. அதன்படி அவ்வாண்டில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. செக்ரோலைப் புரட்டினால், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் ஆயிரம் ரிங்கிட் வாங்கினால் அது வறியதன்று என்று பொருள். 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இந்தக் கணக்கை வெளிப்படையாக மறுத்தார். 2020-இல் கோடு 2,208 ரிங்கிட்டாக மாற்றப்பட்டது. 2019-ஆம் ஆண்டுக்கான வறுமை 5.6 விழுக்காடு என்று தெரியவந்தது. ஒரே இரவில் யாரும் ஏழையாகவில்லை. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவர்கள் எண்ணப்பட்டார்கள். எண்ணப்படாதவருக்கு எந்த உதவித் திட்டமும் போய்ச் சேராது என்பதால், புள்ளிவிவரத்தைச் சீர்செய்வதையும் ஒரு பொருளாதாரக் கொள்கையாகவே நான் கருதுகிறேன்.

சுற்றுச்சூழல் பக்கத்தில், நம் ஊரை வைத்தே பேசுவோம். ஒரு டன் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ ஐந்து டன் பழக்குலை வேண்டும். எஞ்சுவதில் வெற்றுக்குலையும் நாரும் ஓடும் உரமாகவோ எரிபொருளாகவோ பயன்படுகின்றன. ஆலைக் கழிவுநீர்க் குட்டைகளிலிருந்து எழும் மீத்தேன்தான் பெரிய தொல்லை. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குட்டையை மூடி அந்த வாயுவைப் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம். ஆலைகள் ஊருக்கு வெளியே, மின்கம்பிவடத்துக்குத் தொலைவில் இருப்பதால் இணைப்புச் செலவு கட்டுப்படியாவதில்லை என்பதே தடை. அந்த இணைப்பைப் பொதுச்செலவில் கொண்டுவந்து, அதற்கு ஈடாக உள்ளூர் இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது அரசால் எளிதில் செய்யக்கூடியது. 2050-க்குள் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக்குவோம் என்று 2023-இல் வெளியான எரிசக்தி மாற்றத் திட்டம் கூறுகிறது. சூரியத் தகட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஆலைக் குட்டைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அருகிலுள்ள ராஜா மூசா வனக் காப்பகம் கரிச்சதுப்பு நிலம். கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அந்நிலம் காய்ந்து, வறட்சிக் காலத்தில் மண்ணே எரியும். அந்தப் புகையை நீங்கள் பள்ளியில் முகக்கவசத்தோடு சுவாசித்திருப்பீர்கள். கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை மீட்பதே மருந்து. சிலாங்கூர் ஆறோ தலைநகரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதியைத் தருகிறது. காட்டையும் ஆற்றையும் காப்பதால் பயன்பெறுவது நகரம். அதற்காகத் தன் நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொள்வது நம்மைப் போன்ற சிற்றூர். பல்லுயிர்ப் பாதுகாப்புக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதி மாற்றும் முறை ஒன்று 2019 முதல் இருக்கிறது. அது மாநிலத்தோடு நிற்காமல் ஊர்வரை இறங்கினால், தீயணைப்புத் தொண்டருக்கும் ஆற்றுக் காவலருக்கும் அது சம்பளமாகும்.

சான்றிதழ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசிய நிலைத்த பாமாயில் சான்றான எம்எஸ்பிஓ 2015-இல் தன்விருப்பமாகத் தொடங்கி, 2020 முதல் கட்டாயமாகிவிட்டது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததை ஏற்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்திருக்கிறது. நடைமுறைத் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது. பெரிய கம்பெனிக்கு இதற்கென ஓர் அலுவலகமே உண்டு. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கோ, நில வரைபடமும் பதிவேடும் பெறுவதே பெரும்பாடு. அவர்களைக் குழுவாகச் சேர்த்து, செலவை அரசு ஏற்காவிட்டால், பசுமை விதி என்பது சிறியவரைச் சந்தையிலிருந்து வெளியேற்றும் விதியாகவே முடியும்.

வரிப்பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். பாமாயில் விலை ஒரு வரம்பைத் தாண்டும்போது திடீர் லாப லெவி விதிக்கப்படுகிறது; 2025 முதல் தீபகற்பத்தில் அவ்வரம்பு டன்னுக்கு 3,150 ரிங்கிட். அதுவும் கம்பெனி வரியும் மத்திய அரசுக்கு. நிலவரி மாநில அரசுக்கு. குப்பை அள்ளி, சாலை விளக்குப் போட்டு, லாரிகள் குழிபறித்த சாலையைச் செப்பனிட வேண்டிய உள்ளூராட்சிக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி வீடுகளின் மதிப்பீட்டு வரி. விளைச்சல் உள்ள ஊரே வருவாய் இல்லாத ஊராக இருப்பதற்குக் காரணம் இந்தப் பங்கீடே. லெவியில் ஒரு சிறு விகிதத்தைப் பழம் வெட்டப்பட்ட மாவட்டத்துக்குத் திருப்பிவிடச் சட்டத்தில் ஒரு வரி போதும். எண்ணெய் மானியச் சீர்திருத்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியம் குறைக்கப்பட்டதையும், 2025 செப்டம்பர் இறுதி முதல் குடிமக்களுக்கு மட்டும் ரோன்95 பெட்ரோல் 1.99 ரிங்கிட்டுக்குத் தரப்படுவதையும் நான் ஆதரிக்கிறேன்; பெரிய கார் வைத்திருப்பவருக்கு அதிக மானியம் போகும் முறை நியாயமானதன்று. ஆனால் அடையாள அட்டைச் சிக்கலில் இருக்கும் தோட்டத்துப் பெரியவர்கள், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையோடு எழுபது வயதைக் கடந்தவர்கள், இத்தகைய இலக்குநோக்கிய உதவிகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே சமயத்தில் விடுபட்டுப் போகிறார்கள்.

பெண்களைப் பற்றி எழுதாமல் இந்தப் பதில் நிறைவடையாது. நாட்டின் ஆண்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் உழைப்புச் சந்தையில் இருக்க, பெண்களில் அது 56 விழுக்காட்டளவில் நிற்கிறது. தோட்டத்தில் என் தாய் விடியற்காலை ஐந்தரைக்கு என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போனார். தோட்டம் போனதும் ஆயாக்கொட்டகை போயிற்று; தாமானுக்கு வந்த பெண்களுக்கு அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாதம் ஐந்நூறு ரிங்கிட் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வேலை செய்வதில் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஊருக்கொரு பொதுப் பராமரிப்பு மையம் அமைப்பதைச் சமூகநலச் செலவு என்று ஒதுக்காமல், சாலைபோல் ஓர் அடிப்படை முதலீடாகக் கணக்கில் வைக்க வேண்டும். பள்ளிக்கும் இதே நியாயம். நிலம் தோட்டத்துடையது என்பதால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடிக்கும் தமிழ்ப்பள்ளிகளில், கட்டடம் எழுப்புவது முதல் கூரை மாற்றுவதுவரை ஒவ்வொன்றுக்கும் நில உரிமை குறுக்கே நிற்கிறது.

ஒரே ஒரு கொள்கையை மாற்றும் அதிகாரம் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சம்பளத்தையோ மானியத்தையோ நான் தேர்ந்தெடுக்கமாட்டேன். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி உரிமையாளர் மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். நிலத்தின் மதிப்பு பன்மடங்காகும் தருணம் அதுதான். மாநில அரசின் கையில் பேரம்பேசும் வலிமை முழுமையாக இருக்கும் தருணமும் அதுதான். அந்த ஒப்புதல் கடிதம் கையெழுத்தாவதற்கு முன், அத்தோட்டத்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே நிலத்தில் ஒரு தரைவீடு அதன் பெயரில் பட்டாவோடு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், பள்ளியும் கோயிலும் நிற்கும் நிலம் அவற்றின் பெயருக்கே மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்றும் அப்பிரிவில் எழுதுவேன். இப்போது அது அவ்வப்போது பேச்சுவார்த்தையில், அப்போதைய மந்திரி பெசாரின் (மாநில முதல்வரின்) நல்லெண்ணத்தையும் நிர்வாகத்தின் இரக்கத்தையும் பொறுத்துக் கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது. முப்பத்தேழு ஆண்டுகள் பால் வெட்டிய அந்தப் பெரியவரின் கேள்விக்கு, அப்படி ஒரு வரி சட்டத்தில் இருந்திருந்தால், நான் செக்ரோலைத் திறந்து அவருடைய பெயரையும் சேர்ந்த தேதியையும் காட்டி, "முடியும், ஐயா, எட்டாம் எண் வீடு" என்று சொல்லியிருப்பேன்.